யாளிக்கு வயது என்ன? விந்தை உயிர்களின் ஆயுட்கணக்கு

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கமாக எழுதிக்கொள்கிறேன். காரைக்குடிப் பக்கத்து வளவு வீடு (நடுவே முற்றம் வைத்த பெரிய வீடு) ஒன்றில் நடக்கும் சிறுவர் நாவலொன்றை எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். அதில் கோயில் தூணிலிருந்து இறங்கிவரும் யாளி, ஒரு யட்சி, கிணற்றடி நாகம், புளியமரத்துப் பேய், ஐயனார் கோயில் மண்குதிரை, ரங்கூனிலிருந்து வந்த சாடியைச் சுற்றிக்கொண்டே கப்பலேறி வந்துவிட்ட ஒரு டிராகன் ஆகியோர் வருகிறார்கள். இவர்கள் இயற்கையாக எத்தனை ஆண்டுகள் வாழ்வார்கள், யாருக்கு யார் மூத்தவர் என்பது தெரிந்தால்தான் உரையாடலில் யார் யாரை ‘நீ’ என்பது, யார் யாரை ‘நீங்கள்’ என்பது என முடிவு செய்ய முடியும் என்கிறீர்கள். நம் ஊரில் கதை எழுதுகிறவருக்கு இது தலையாய கேள்விதான்.

நான் நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன். ஆகையால் என் பதிலும் கணக்குப்பிள்ளையின் பதிலாகவே இருக்கும். இன்றைய கற்பனைக் கதைகளிலும் விளையாட்டுகளிலும் ஒவ்வோர் இனத்துக்கும் இத்தனை ஆண்டுகள் என்று ஓர் அளவு வைத்துவிடுகிறார்கள். நம் பழைய மரபில் ஆயுள் என்பது பெரும்பாலும் பேரேட்டில் உள்ள இருப்பு. இருப்பு எப்படி வந்தது, எதில் செலவாகிறது, எப்போது தீர்கிறது என்று பார்த்தால் ஆயுள் தெரிந்துவிடும்.

தேவர்களிலிருந்து தொடங்கலாம், அங்கே எண்கள் தெளிவாக இருக்கின்றன. மனிதரின் ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள். நான்கு யுகங்கள் சேர்ந்த சதுர்யுகம் 43,20,000 மனித ஆண்டுகள். அதுபோல் 71 சென்றால் ஒரு மன்வந்தரம்; அது முடிகிறபோது அந்தக் காலத்துக்குத் தலைவனான மனுவோடு சேர்ந்து இந்திரனும் மாறிவிடுகிறான். இந்திரன் என்பது ஒரு பதவி, அதன் தவணை 30 கோடியே 67 லட்சத்து 20 ஆயிரம் ஆண்டுகள் என்று கொள்ளலாம். பிரமனின் ஒரு பகல் 1000 சதுர்யுகம், அதாவது 432 கோடி ஆண்டுகள், இரவும் அவ்வளவே. அப்படிப்பட்ட நாள்கள் 360 கொண்ட ஆண்டுகள் நூறு கழிந்தால் பிரமனின் ஆயுளும் முடிகிறது. பெருக்கிப் பார்த்தால் 3 கோடியே 11 லட்சத்து 4 ஆயிரம் கோடி ஆண்டுகள் வருகின்றன. படைத்தவனுக்கும் நூறு வயதுதான், அவனுடைய நாட்காட்டிதான் வேறு என்பதைக் கவனியுங்கள்.

யட்சிக்கு உரிய எண்ணைப் பௌத்தர்கள் தருகிறார்கள். மேருவைச் சுற்றி ஆளும் நான்கு மாமன்னர்களின் உலகத்தில் ஒரு நாள் என்பது மனிதரின் 50 ஆண்டுகள். அங்குள்ள தேவர்களுக்கு ஆயுள் 500 தேவ ஆண்டுகள், நம் கணக்கில் 90 லட்சம். யட்சர், நாகர், கந்தர்வர், கும்பாண்டர் ஆகியோர் இந்த நால்வரின் ஆட்சிக்கு உட்பட்ட பரிவாரங்கள் என்பதால், உங்கள் யட்சிக்கும் நாகத்துக்கும் 90 லட்சத்தை உச்சவரம்பாக வைத்துக்கொள்ளலாம். இதற்கு மேலடுக்கான முப்பத்துமூவர் உலகத்தில் ஒரு நாள் 100 ஆண்டுகள், ஆயுள் 1000 தேவ ஆண்டுகள், மொத்தம் 3 கோடியே 60 லட்சம். நாகத்தைப் பொறுத்தவரை இந்த வரம்பு ஏட்டளவில்தான் நிற்கும். நாகர்கள் முதுமையால் இறந்ததாக நான் எங்கும் படித்ததில்லை; ஒன்று கருடனுக்கு இரையாகிறார்கள், அல்லது பாம்புகளை அழிக்கச் சனமேசயன் என்ற மன்னன் மூட்டிய வேள்வித் தீயில் விழுகிறார்கள்.

எண்ணைவிட எனக்குச் சுவையாகப் படுவது, தேவர்களின் முடிவு நெருங்குவதை எப்படி அறிவது என்பது. சூடிய மாலை வாடும், உடுத்த ஆடை மாசடையும், அக்குளில் வியர்வை அரும்பும், மேனியின் ஒளி மங்கும், இருக்கும் இருக்கையே பிடிக்காமற்போகும் என்று ஐந்து அறிகுறிகளைப் பௌத்த நூல்கள் சொல்கின்றன. தமயந்தி சுயம்வர மண்டபத்தில் நளனின் உருவில் வந்த தேவர்களை இனங்கண்டதும் இதே அடையாளங்களின் மறுபுறத்தை வைத்துத்தான்: இமையாத கண், வாடாத மாலை, வியர்க்காத மேனி. உங்கள் யட்சிக்கு நரையும் திரையும் எழுதாதீர்கள். ஆடி மாதப் புழுக்கத்தில் பட்டாலையில் (வீட்டுக் கூடத்தில்) எல்லோருக்கும் வியர்க்கும்போது அவளுக்கும் ஒரு துளி வியர்த்தது என்று எழுதினால், விவரம் தெரிந்த வாசகருக்குத் தூக்கிவாரிப் போடும்.

இந்த ஆயுளெல்லாம் புண்ணியத்தின் இருப்பைப் பொறுத்தது. புண்ணியம் தீர்ந்ததும் மண்ணுலகம் திரும்புகிறார்கள் என்று கீதையின் 9ஆம் அத்தியாயம் சொல்கிறது. எங்கள் ஐயா காலத்தில் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் நடத்தப் போனவர்கள் மூன்றாண்டுக் கணக்கு முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். சுவர்க்கமும் ஏறக்குறைய அப்படியொரு கணக்குத்தான், ஆனால் தவணை மட்டும் ஆளுக்கு ஆள் வேறு.

மகாபாரதத்தின் வனபருவத்தில் வரும் இந்திரத்துய்மனின் கதை இதை மிக அழகாகக் காட்டுகிறது. உங்கள் நாவலுக்கும் அது நேரடியாகப் பயன்படும் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். பாண்டவர்கள் மார்க்கண்டேயரிடம், உங்களைவிட வயதில் மூத்தவர் யாரேனும் உண்டா என்று கேட்கிறார்கள். பதினாறோடு முடிய வேண்டிய ஆயுளை மீறிப் பிரளயத்தையே கண்டவர் அவர். அவர் சொல்கிறார்: இந்திரத்துய்மன் என்ற அரசன் தன் புகழ் உலகில் மறைந்துவிட்டதால் சுவர்க்கத்திலிருந்து விழுந்தான், என்னை நினைவிருக்கிறதா என்று என்னிடம் வந்து கேட்டான். எனக்குத் தெரியவில்லை, ஆனால் இமயத்தில் என்னைவிட மூத்த ஆந்தை ஒன்று இருக்கிறது என்றேன். அவன் குதிரையாக மாறி என்னைச் சுமந்துகொண்டு அங்கே போனான். ஆந்தை சற்று நேரம் யோசித்துவிட்டுத் தெரியாது என்றது. தன்னைவிட மூத்த கொக்கு ஒரு ஏரியில் இருப்பதாகச் சொன்னது. நாடீசங்கன் என்ற அந்தக் கொக்குக்கும் தெரியவில்லை. அதே ஏரியில் தன்னினும் மூத்த ஆமை இருப்பதாகச் சொன்னது. அகூபாரன் என்ற அந்த ஆமை வந்தது. கண்களில் நீர் நிறைய, உடல் நடுங்க, இவனை எனக்குத் தெரியாதா, இவன் வேள்வியில் தானமாகக் கொடுத்த பசுக்களின் குளம்பு பட்டுப் பள்ளமானதுதான் நான் குடியிருக்கும் இந்த ஏரி என்றது. உடனே அவனைச் சுவர்க்கத்துக்குத் திரும்ப அழைத்துப்போகத் தேவ விமானம் வந்தது. ஒருவனின் புகழ் மண்ணில் நிற்கும்வரைதான் அவனுக்கு விண்ணில் இடம் என்பது அந்தக் கதையின் கணக்கு.

மார்க்கண்டேயருக்கு ஆந்தை மூத்தது, ஆந்தைக்குக் கொக்கு மூத்தது, கொக்குக்கு ஆமை மூத்தது என்று படிப்படியாகப் போகிறதல்லவா? இதே அமைப்பு கிரேக்கரிடமும் இருந்திருக்கிறது என்பது வியப்பு. பழங்கவிஞர் ஹீசியட் பாடியதாகப் பின்னாளைய எழுத்தாளர் புளூட்டார்க் எடுத்துக்காட்டும் வரிகளின்படி காக்கை ஒன்பது மனிதத் தலைமுறைகள் வாழும். மான் நான்கு காக்கையின் ஆயுளும், அண்டங்காக்கை மூன்று மானின் ஆயுளும், ஃபீனிக்ஸ் என்ற கற்பனைப் பறவை ஒன்பது அண்டங்காக்கையின் ஆயுளும், வனதேவதை பத்து ஃபீனிக்ஸின் ஆயுளும் பெறும். பெருக்கினால் வனதேவதைக்கு 9,720 தலைமுறைகள். தலைமுறை என்பதற்கு எத்தனை ஆண்டுகள் என்று அன்றே சண்டை இருந்தது. ஓர் ஆண்டுதான் என்று கொண்டு 9,720 ஆண்டுகளோடு நிறுத்திக்கொண்டவர்களும் உண்டு. ஃபீனிக்ஸுக்கு ஹெரோடோட்டஸ் தருவது 500 ஆண்டுகள், ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் காலத்தில் 1,461 என்ற எண்ணும் வழங்கியது. நம் சடாயுவோ, தான் பிறந்து 60,000 ஆண்டுகள் ஆகிவிட்டன என்று இராவணனிடமே சொல்கிறது. அதை எழுத்துப்படி எடுத்துக்கொள்ள வேண்டாம். தசரதனுக்கும் வால்மீகி 60,000 ஆண்டுகளே தருகிறார். ‘மிகவும் மூத்தவர்’ என்பதற்கு அந்நாளில் வழங்கிய எண் அது என்று நினைக்கிறேன்.

இனிப் பேய். இதில் நம் ஊர்க் கணக்கைவிடத் துல்லியமானதை நான் கண்டதில்லை. விதித்த ஆயுள் முடியுமுன் இறந்தவர்கள், மீதி ஆண்டுகளைப் பேயாக அலைந்து கழிக்க வேண்டும் என்பது தமிழ்நாடு முழுவதும் உள்ள நம்பிக்கை. ஆகவே பேயின் ஆயுள் வெறும் கழித்தல் கணக்கு. எழுபத்தைந்து விதித்திருந்து பத்தொன்பதில் இறந்தால் ஐம்பத்தாறு ஆண்டுகள் பேயாகத் திரிய வேண்டும்; அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது. சோதிடப்படி மனித ஆயுளின் உச்சம் 120 ஆண்டுகள் என்பதால், எந்தப் பேயும் 120ஐத் தாண்டாது. ஆங்கிலேயரின் கோட்டைகளில் நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாகப் பேய் உலவுவதாகச் சொல்கிறார்களே, அதற்கு நம் கணக்கில் இடமே இல்லை.

எங்கள் ஊர் ஊருணிக் கரையில் ஒரு புளியமரமும், அதன் கீழே ஒரு சுமைதாங்கிக் கல்லும் இருந்தன. வயிற்றுச் சுமையோடு இறந்த பெண்ணுக்காகச் சுமைதாங்கி நடுவது இந்தப் பக்கத்து வழக்கம். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் கிடத்தியிருப்பார்கள், தலைச்சுமையோடு வருகிறவர்கள் இறக்கிவைத்து இளைப்பாற. எனக்குப் பத்து வயதிருக்கும்போது அந்த வழியாகப் போகப் பயந்து நின்றேன். அப்பத்தா என்னைத் திட்டவுமில்லை, பேயே இல்லையென்று தேற்றவுமில்லை. முகப்புத் திண்ணையில் உட்கார்ந்து விரலை மடக்கி எண்ணிவிட்டு, “அவளுக்கு இன்னும் பதினோரு வருசந்தான்டா பாக்கி. அது வரைக்கும் சுத்துப் பாதையில போ, அப்புறம் தாராளமா இந்தப் பக்கமே போகலாம்” என்றார். கடைசி வரை அந்தக் கணக்கை நான் மறக்கவில்லை. இருபத்தோராவது வயதில் ஓர் இரவு சைக்கிளில் அந்த வழியாகவே வந்தேன்; அப்பத்தா அப்போது இல்லை. புளியமரத்தைப் பார்த்தபோது பயம் வரவில்லை. தவணை முடிந்து ஒருவர் வீட்டைக் காலி செய்துகொண்டு போனபிறகு அந்த வீட்டைக் கடந்து போவதுபோல் இருந்தது.

கணக்கில் தந்திரம் செய்து ஆயுளைக் கூட்டிக்கொண்டவர்களும் உண்டு. விக்கிரமாதித்தன் கதையில் இந்திரன் அவனுக்குச் சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டுகள் ஆளும் வரம் தருகிறான். அமைச்சன் பட்டியோ காளியிடம் இரண்டாயிரம் ஆண்டு ஆயுள் வாங்கிவிடுகிறான். அரசன் கவலைப்பட, பட்டி சொல்லும் வழி: ஆறு மாதம் நாட்டில் ஆளுங்கள், ஆறு மாதம் காட்டில் திரியுங்கள், காட்டிலிருக்கும் மாதங்கள் ஆட்சிக் கணக்கில் சேராது, ஆயிரம் இரண்டாயிரம் ஆகிவிடும். காடாறு மாதம் நாடாறு மாதம் என்ற தொடர் இங்கிருந்துதான் வந்தது. வரத்தின் வாசகத்தை இவ்வளவு கூர்ந்து படித்தவன் எங்கள் பெட்டியடியில் (கடையில் கணக்கெழுதும் இடத்தில்) உட்கார்ந்திருந்தால் முதலாளிக்குப் பாதித் தலைவலி தீர்ந்திருக்கும்.

ஆண்டுக் கணக்கே பொருந்தாத உயிர்களும் உண்டு; நம் செய்யுள்களில் வருபவை பெரும்பாலும் இந்த வகைதான். அன்றில் தன் துணை பிரிந்தால் வாழாது. இரண்டு பறவைக்கும் சேர்த்து ஒரே ஆயுள். கவரிமா மயிர் நீங்கினால் வாழாது என்பது குறள். யாழிசைக்கு மயங்கி அருகில் வந்து, பறையோசை கேட்டதும் இறந்துவிடும் அசுணத்தை நற்றிணை காட்டுகிறது. தலைவன் தரும் இன்பமும் துன்பமும் அசுணம் கொல்பவரின் கைபோல என்கிறாள் தலைவி. கிரேக்கரின் மரதேவதைகள் தம் மரம் பட்டுப்போகும் நாளில் இறந்துபோவார்கள். ஏழு கடல் தாண்டிய தீவில், கூண்டிலிருக்கும் கிளியில் உயிரை வைத்திருக்கும் நம் பாட்டி கதை அரக்கனும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். கிளி கிழமாகிச் செத்தால் அரக்கனும் சாவானா என்று எந்தப் பாட்டியும் சொன்னதில்லை. அதற்குள் இளவரசன் வந்துவிடுகிறான்.

டிராகனுக்கு வருகிறேன். ஐரோப்பிய டிராகன் வயதாகிச் சாவதில்லை, வீரன் ஒருவனால் கொல்லப்படுகிறது. அதன் கதை அதோடு சரி. சீன மரபு உங்களுக்கு அதிகம் பயன்படும், சாடி வந்த திசையும் அதுதான். பழைய சீனக் குறிப்பொன்றின்படி நீர்ப்பாம்பு 500 ஆண்டுகளில் சியாவ் என்ற கொம்பில்லா வெள்ள நாகமாகிறது. அது 1000 ஆண்டுகளில் டிராகன். மேலும் 500 ஆண்டுகளில் கொம்பு முளைக்கிறது. இன்னும் 1000 ஆண்டுகளில் சிறகு பெறுகிறது. ஆகவே சாடியின்மேல் வரைந்திருக்கும் டிராகனுக்குக் கொம்பு மட்டும் இருந்தால் இரண்டாயிரம் நிறைந்தது, சிறகும் இருந்தால் மூவாயிரம் நிறைந்தது என்று பார்த்தவுடன் சொல்லிவிடலாம். நூறாண்டுகள் யாரையும் தீண்டாத நல்ல பாம்பின் நஞ்சு இறுகி மாணிக்கமாகும் என்று நம்மவர்கள் சொல்வதும் இதற்குத் தூரத்து உறவு. உண்மையில் நல்ல பாம்பு இருபது ஆண்டுகளைக் கடப்பதே பெரிது.

1974இல் வெளிவந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டு இதற்கெல்லாம் அட்டவணையே போட்டுவிட்டது. அதன் 2014ஆம் ஆண்டுப் பதிப்பில் எல்ஃப் இனத்தவருக்கு 750 ஆண்டுகள் வரை, குள்ளருக்குச் சராசரி 350, டிராகன் நூறு வயதுக்கு மேல்தான் பருவமடையும், 800 கடந்தால் முதுபெரும் டிராகன். இன்றைய கதைகள் பலவற்றில் நீங்கள் பார்க்கும் எண்கள் இத்தகைய அட்டவணைகளின் பேரப்பிள்ளைகள். ஆட்டத்துக்கு அது வசதி. ஆனால் எழுநூறு ஆண்டுகள் வாழும் இனம் ஏன் உலகை நிரப்பிவிடவில்லை என்பதற்கு அட்டவணையில் பதில் இருக்காது. நீள ஆயுளுக்கு இயற்கை வாங்கும் வட்டி, தாமதமான பருவமும் குறைவான பிள்ளைகளும்தான். 2016இல் வெளிவந்த ஆய்வின்படி குறைந்தது 272 ஆண்டுகள் வாழக்கூடிய கிரீன்லாந்துச் சுறா பருவமடைவதற்கே ஏறத்தாழ 150 ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறது.

இந்த உயிரியல் வழியில் யாளிக்கு மட்டும் ஒரு மதிப்பீடு போட்டுப் பார்த்தேன், ஏனென்றால் சங்கச் செய்யுளிலிருந்து கோயில் தூண்வரை ஆளியும் யாளியும் வந்துகொண்டே இருந்தாலும் அதன் வயதைச் சொன்ன நூலை நான் கண்டதில்லை. பாலூட்டிகளில் உடல் பெருக்கப் பெருக்க இதயத் துடிப்பு மெதுவாகும், ஆயுள் நீளும். பெரும்பாலானவற்றுக்கு வாழ்நாள் துடிப்பு ஏறத்தாழ 100 கோடி என்பார்கள். சுண்டெலிக்கு இரண்டு மூன்று ஆண்டுகள், காட்டுச் சிங்கத்துக்குப் பத்துப் பதினான்கு, யானைக்கு அறுபது எழுபது. தூணில் யாளியின் காலடியில் யானை பூனைக்குட்டியளவில் கிடக்கிறது. சிற்பியின் மிகையைப் பாதியாகக் குறைத்தாலும் யாளி யானையைவிடப் பெரியது. ஆகவே நூறு, நூற்றிருபது ஆண்டுகள் கொடுக்கலாம். உடல்தான் ஒரே அளவுகோல் என்று நினைத்துவிட வேண்டாம். சைபீரியாவில் ஏழு கிராம் எடையுள்ள வௌவால் ஒன்று 41 ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறது. உங்கள் யாளிக்குச் சிறகு வைத்தால் இன்னும் ஐம்பது கூட்டிக்கொள்ளுங்கள். ஆனால் தூணிலேயே நிற்கும் யாளியானால் அதற்கு வயது தூணின் வயதுதான். அதன் வாய்க்குள் உருளும் கல்லுருண்டையை விரல்விட்டு உருட்டாத பிள்ளை நம் பக்கத்தில் இருக்காது; உருண்டை உருளும், வெளியே வராது. அது உருளும்வரை யாளி உயிரோடிருக்கிறது என்று வைத்துக்கொண்டால் உங்கள் நாவலுக்குப் பொருந்தும்.

மண்குதிரைக்குத்தான் பிறந்த நாளும் இறக்கும் விதமும் ஐயத்துக்கு இடமின்றித் தெரியும். ஊரார் தரும் பிடிமண்ணை வாங்கிய வேளார் (மண்பாண்டக் கலைஞர்) குதிரையை வனைந்து சுட்டு வண்ணம் தீட்டி வைக்கிறார். குதிரைகளைக் கோயிலுக்கு எடுத்துச்செல்லும் புரவி எடுப்புத் திருவிழாவன்று கண் திறந்த நொடியில் அது வெறும் மண் என்ற நிலையைக் கடந்துவிடுகிறது. ஊரே தோளில் சுமந்துகொண்டுபோய் ஐயனார் முன்னே இறக்கிவைக்கும். அதன்பின் அதற்கு யாரும் எதுவும் செய்வதில்லை. முதல் மழையில் வண்ணம் போகும், இரண்டு மூன்று ஆண்டுகளில் காது உதிரும், பிறகு ஒரு கால் சரிந்து குதிரை பக்கவாட்டில் சாயும், புல் முளைக்கும். பழைய குதிரையை அகற்றும் வழக்கம் இல்லாததால் கோயில் வாசலில் எல்லா வயதுக் குதிரைகளையும் ஒருசேரப் பார்க்கலாம். ஒரு முறை போய் நின்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.

ஆக, உங்கள் வரிசை இப்படி அமையும். யட்சி எல்லோருக்கும் மூத்தவள். அவள் யாரையும் ‘நீ’ எனலாம். அடுத்தது நாகம், பிறகு கொம்புள்ள டிராகன், பிறகு தூணின் வயதையொட்டி யாளி. புளியமரத்துப் பெண் பத்தொன்பதில் இறந்து முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தால் அவளுக்கு நாற்பத்தொன்பது. அவள் இவர்கள் எல்லோரையும் ‘நீங்கள்’ என்றே சொல்ல வேண்டும், மண்குதிரையைத் தவிர. வீட்டுப் பிள்ளைகள் அவளை ‘ஆச்சி’ என்று கூப்பிடட்டும். அவளுக்கு எழுபத்தைந்து விதித்திருந்ததாக வைத்தால் இன்னும் இருபத்தாறு ஆண்டுகள் பாக்கி இருப்பதால், இரண்டாம் பாகம் எழுதுவதானால் அதிலும் அவள் தாராளமாக வரலாம்.